துருத்தியில் காற்று இல்லை

கன்னியப்பனை ஒரு தடவை கூப்பிட்டால் திரும்ப மாட்டான். இரண்டாம் தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். மூன்றாவது தடவைதான் "இன்னா" என்பான். விவரம் தெரியாத பஸ் கண்டக்டர்கள் அவனைச் செவிடு என்று நினைத்துச் சைகையால் டிக்கெட் கேட்டதுண்டு. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் மட்டும் கெட்டிக்காரர். அவன் பெயரை மூன்று தடவை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத்தான் கிளாஸை நீட்டுவார்.

அவன் சாக்ஸபோன் வாசித்தான். நான், ராஜாமணி, அதே செட்டில் பெரிய டிரம் அடித்தேன். சபாபதி பேண்டு செட் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் போர்டு தொங்கும். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, சாவு, எலெக்‌ஷன் ஜெயித்த ஊர்வலம், எதுவானாலும் போவோம். சிவப்புக் கோட்டு ஒன்றுதான், கல்யாணத்துக்கும் அதுதான் சாவுக்கும் அதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கருப்புச் சட்டைக்காரன். சாமி கிடையாது, பேய் கிடையாது என்று மேடை போட்டுப் பேசுகிற கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவன். சாவு வீட்டில் டிரம் அடித்துவிட்டு வந்து தலை முழுகாமல் சாப்பிடுகிறவன் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். இதைப் படிக்கிறவர்கள் என்னை ஒரு பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வரும்.

கன்னியப்பன் பிடித்துக்கொண்டிருந்த வழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். உச்சி வேளையிலும் பொழுது சாய்ந்த பிறகும், ஆள் தெரியாமல் குரல் மட்டும் கேட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது. மூன்றாவது தடவை கூப்பிட்டால் அது மனிதன். பேய் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். ஏன் இரண்டு, ஏன் அதற்கு மூன்று எண்ணத் தெரியாதா என்று நான் கேட்டால் அடிக்க வருவார்கள். மற்றவர்கள் இதை மாதத்தில் ஒரு நாள் நினைத்துக்கொள்வார்கள். கன்னியப்பன் எந்நேரமும் அதில்தான் இருந்தான். அதற்குக் காரணம் அவன் தம்பி கோபால்.

கோபால் எங்கள் செட்டில் கிளாரினெட் வாசித்தான். இரண்டு பேரும் சேரப்பணஞ்சேரிப் பையன்கள். வீட்டில் கொஞ்சம் நெல் விளைகிற நிலம் உண்டு. ஆனாலும் மண்வெட்டி பிடிக்கச் சோம்பல் பட்டுப் பேண்டுக்கு வந்தவர்கள். கல்யாண ஊர்வலத்தில் அவர்கள் இருவரும் வாசிக்கிற உருப்படி ஒன்று உண்டு. அண்ணன் ஒரு வரி வாசித்துவிட்டு நிறுத்துவான், தம்பி அதற்குப் பதில் வாசிப்பான். பெண் வீட்டார் ஊர்வலத்தையே நிறுத்திவைத்துக் கேட்பார்கள். நான் சும்மா நின்று கொண்டிருக்க வேண்டியதுதான், அந்த இடத்தில் டிரம்முக்கு வேலை இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் கூட உண்டு.

ஐம்பத்தாறு வாக்கில் ஒரு வெயில் காலம். சேரப்பணஞ்சேரியிலேயே ஒரு சாவு. சுடுகாட்டு வேலை முடிந்து வரும்போது உச்சிப் பொழுது. ஏரிக்கரையின் இந்தப் பக்கம் பனைமரத்து நிழலில் கன்னியப்பன் படுத்துவிட்டான். கோபால், "அண்ணா, பீடி வாங்கினு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிழக்கே, ரோட்டுக் கடைப் பக்கம் நடந்தான். நான் அன்றைக்கு வேறு வழியாகப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் கரைக்கு அந்தப் பக்கம், தண்ணீர் இருக்கிற பக்கத்திலிருந்து, "அண்ணோவ்" என்று ஒரு குரல். கடைக்குப் போனவன் ஏரிக்குள்ளிருந்து எப்படிக் கூப்பிடுவான்? அதுவும் இப்போதுதான் ஒரு பிணத்தை எரித்துவிட்டு வந்திருக்கிறார்கள். கன்னியப்பன் வாயை இறுக்கிக்கொண்டான். மறுபடியும் "அண்ணோவ்". அவன் கண்ணையும் மூடிக்கொண்டு மூன்றாவதுக்காகக் காத்திருந்தான்.

மூன்றாவது வரவில்லை. பேய்தான், நல்ல வேளை என்று நினைத்தானாம். வெகு நேரம் கழித்து எழுந்து கரை ஏறிப் பார்த்தால், மதகுக்குப் பக்கத்தில் கல்மேல் கோபாலின் சிவப்புக் கோட்டு மடித்து வைத்திருந்தது. மேலே ஒரு பீடிக்கட்டு. மதகின் பள்ளத்திலிருந்து சாயங்காலம்தான் ஆளை எடுத்தார்கள். கடைக்குப் போனவன் திரும்பும்போது முழுகிவிட்டு வரலாம் என்று சுற்று வழியாக இறங்கியிருக்கிறான்.

அதற்குப் பிறகு ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. கூப்பிட்டது பேய்தான், நீ வாய் திறக்காததால் தப்பித்தாய், அது அவனைக் கொண்டுபோனது என்று ஒரு கட்சி. தம்பி தண்ணீரில் மூழ்கும்போது கூப்பிட்டிருக்கிறான், அண்ணன் படுத்துக்கொண்டே கேட்டிருக்கிறான் என்று இன்னொரு கட்சி. இதை அவன் முன்னால் யாரும் சொன்னதில்லை, ஆனால் அவன் காதில் விழாமல் இருக்குமா? கன்னியப்பனுக்கு உலகத்தில் தெரிய வேண்டியது ஒன்றுதான். அன்றைக்குக் கூப்பிட்டது பேயா, கோபாலா? பேயென்றால் அவன் குற்றவாளி இல்லை. அதனால் அவன் அந்த வழக்கத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டான். பகலிலும், பஸ்ஸிலும், பெண்டாட்டி அம்சவல்லி சாப்பிடக் கூப்பிட்டாலும் மூன்றுதான். விட்டுவிட்டால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது தப்பு என்று ஆகிவிடும் அல்லவா? அந்த உருப்படியை மட்டும் அவன் அப்புறம் வாசிக்கவே இல்லை.

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் போயிற்று.

ஒரகடம் போகிற ரோட்டில் அப்போது ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அதன் காம்பவுண்டுக்குள் சின்னதாக ஒரு சர்ச். யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டர் கப்பலில் கொண்டுவந்த பைப் ஆர்கன் ஒன்று அதற்குள் இருந்தது. சுவர் முழுக்கக் குழாய்கள். சில ஈயம், சில மரம். மரக்குழாய் ஒவ்வொன்றும் ஆள் நிற்கிற மாதிரி உயரம். அதை வாசித்தவர் மிஷன் ஸ்கூல் டீச்சர் லீலா. ஒருநாள் நாங்கள் ஒரு பிணத்தோடு அந்தக் காம்பவுண்டைத் தாண்டிப் போயிருக்கிறோம். அப்போது டீச்சர் சர்ச்சுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாராம். ஆர்கனுக்குக் காற்று அடிக்கிற தாவீது அன்றைக்கு வரவில்லை. வெளியே கன்னியப்பன் ஒரு நீண்ட சுரம் பிடித்தபோது, உள்ளே மரக்குழாய் ஒன்று தானாக முனகியதாம்.

"பயப்படாதீங்க, ஒரு சத்தத்துக்கு இன்னொண்ணு தானா அதிரும். விஞ்ஞானம்தான்" என்று பின்னால் எனக்கு விளக்கினார். நான் தலையை ஆட்டினேன். விஞ்ஞானம் என்றால் நான் எப்போதும் தலையை ஆட்டுவேன்.

அந்த முனகலிலிருந்துதான் டீச்சருக்கு யோசனை வந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு திறக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் சர்ச்சில் ஆர்கனும் சாக்ஸபோனும் சேர்ந்து கச்சேரி. தாவீதை அனுப்பிக் கன்னியப்பனைக் கூட்டிவரச் சொன்னார். கன்னியப்பன் துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். சாவு வாசிக்கிறவனை எல்லாம் உள்ளே விடுவார்களா என்று அவனுக்குச் சந்தேகம். டீச்சர் எங்கள் இருவருக்கும் நாற்காலி போட்டார்.

ஒத்திகையில்தான் வம்பு வந்தது. டீச்சர் அமைத்திருந்த பாட்டில் ஆர்கன் கூப்பிட வேண்டும், சாக்ஸபோன் பதில் சொல்ல வேண்டும். கூப்பிடுகிற இடம் சின்னதுதான். மரக்குழாயில் அடிக்குரலாக ஒரு சுரம் எழும்பி, நீண்டு, கடைசியில் இறங்கும். டீச்சர் வாசித்துவிட்டுக் காத்திருந்தார். கன்னியப்பன் வாசிக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. டீச்சர் மறுபடி வாசித்தார். அவன் வாத்தியத்தை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏன் கன்னியப்பன், உங்க இடம்தானே இது?"

"டீச்சரம்மா, இன்னொரு தபா கூப்டுங்க."

"ஒரு தடவைதான் பாட்டுல இருக்கு."

"எனக்கு மூணு தபா வோணும். இல்லாங்காட்டி ஊத மாட்டேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வேறு வழியில்லாமல் கதையைச் சொன்னேன். கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன், சொல்லி முடிக்கிறபோது கிண்டல் எங்கேயோ போய்விட்டது. டீச்சர் திரும்பி உட்கார்ந்து மூன்று தடவை வாசித்தார். மூன்றாவதுக்குக் கன்னியப்பன் பதில் வாசித்தான். அத்தனை துக்கமாக ஒரு பதிலை நான் சுடுகாட்டில்கூடக் கேட்டதில்லை. திரும்பி வரும் வழியில் அவன் சொன்னான்:

"அது 'அண்ணோவ்'னுதான் கூப்டுது, ராஜா. உனக்குத் தெரில?"

"மரத்துல காத்து போனா அப்படித்தான் கேக்கும். பேசாம வா" என்றேன். எனக்கும் அப்படித்தான் கேட்டிருந்தது.

கச்சேரி அன்று தாவீதுக்குக் குடல் இறக்கம் வந்து அதே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். காற்று அடிக்க ஆள் இல்லை. பெரிய டிரம் அடிக்கிற கை சும்மா இருக்கிறதே என்று என்னைப் பின்னால் அனுப்பினார்கள். ஆர்கனின் முதுகுப் பக்கம் ஒரு குறுகலான சந்து. பட்டறைத் துருத்தி போல, ஆனால் கட்டில் அகலத்துக்கு ஒரு துருத்தி. அடிபம்பு மாதிரி மரக் கைப்பிடி. பக்கத்தில் ஒரு கயிற்றில் ஈயக் குண்டு தொங்கியது. துருத்தி நிறைந்தால் குண்டு கீழே இறங்கும், காற்று தீர்ந்தால் மேலே ஏறும். குண்டைப் பார்த்துக்கொண்டே அடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. என் தோளை ஒட்டி மரக்குழாய்கள் வரிசையாக நின்றன. அங்கிருந்து பார்த்தால் எனக்கு டீச்சரும் தெரியாது, கன்னியப்பனும் தெரியாது, ஜனமும் தெரியாது. காதில் விழுவதுதான்.

சாயங்காலம், வெளிச்சம் இன்னும் ஜன்னலில் இருந்தது. டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகளோடு வந்தவர்கள் என்று சர்ச் நிறைந்திருந்தது. முதல் இரண்டு பாட்டுகள் நன்றாகவே போயின. மூன்றாவதாக அந்தப் பாட்டு.

ஆர்கன் ஒரு தடவை கூப்பிட்டது. என் தோளுக்குப் பக்கத்துக் குழாய் அது, எலும்பில் அதிர்ந்தது. கன்னியப்பன் பதில் சொல்லவில்லை. ஜனம் அமைதியாக இருந்தது, பாட்டே அப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள். இரண்டாம் தடவை கூப்பிட்டது. நான் கைப்பிடியை அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம். கைப்பிடியைத் துருத்தியோடு சேர்க்கிற இரும்பு ஆணி நழுவி என் காலடியில் விழுந்தது. கைப்பிடி தொளதொளவென்று ஆடியது. துருத்தி ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. ஈயக் குண்டு உச்சிக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது.

முன்னால் டீச்சர் கட்டைகளை அழுத்துகிற சத்தம் கேட்டது. வெறும் மரச் சத்தம். குழாயில் ஒன்றும் வரவில்லை. அவர் கையை எடுத்துவிட்டதும் எனக்குக் கேட்டது, கட்டைகள் மேலே எழும்பி நின்ற சத்தம். நான் குனிந்து ஆணியைத் தேடிக்கொண்டிருந்தேன். போச்சு, மூணாவது போச்சு, இவன் ஊத மாட்டான், மானம் போகப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

அப்போது மூன்றாவது வந்தது.

அதே குழாய். அதே சுரம், எழும்பி, நீண்டு, இறங்கியது. முந்தைய இரண்டையும் விட மெதுவாக, களைத்துப்போன ஆள் கூப்பிடுகிற மாதிரி. நான் துருத்தியில் கையை வைத்துப் பார்த்தேன். தோல் தட்டையாக, மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. பிறகு, ஏன் செய்தேன் என்று தெரியாது, அந்தக் குழாயின் கீழே வாய் மாதிரி வெட்டியிருக்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். காற்று வரவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கையை எடுத்தபோது ஈரமாக இருந்தது. வியர்வை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

கன்னியப்பன் பதில் சொன்னான். டீச்சர் எழுதிக் கொடுத்ததை இல்லை. அந்தக் கல்யாண உருப்படி. அண்ணனுடைய வரியை வாசித்தான், நிறுத்தினான். தம்பியின் இடம் காலியாகக் கிடந்தது. அடுத்த வரியை வாசித்தான், நிறுத்தினான். அந்தக் காலி இடங்களில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தேன். கச்சேரி முடிந்ததும் பெரிய டாக்டரின் மனைவி டீச்சரின் கையைப் பிடித்து, நடுநடுவே ஆர்கன் அவ்வளவு மெல்லிசாகப் பதில் சொன்னது அழகு என்று பாராட்டினார். டீச்சர் சிரிக்க முயன்றார். ஒரு சத்தத்துக்கு இன்னொன்று அதிரும் என்பது அந்தக் காலி இடங்களுக்குப் பொருந்தும். மூன்றாவதாகக் கூப்பிட்டபோது சாக்ஸபோன் வாசிக்கவே இல்லையே, எதற்கு எது அதிர்ந்தது?

கன்னியப்பன் சந்துக்குள் என்னைத் தேடி வந்தான். நான் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மூணாவது அவங்க வாசிக்கலங்கறாங்க டீச்சரம்மா. காத்து இருந்திச்சா, ராஜா?"

இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மிச்சம் இருந்த காற்று, குழாயில் மாட்டிக்கொண்டது, ஏதாவது. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்வேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். ஈயக் குண்டைக் காட்டினேன்.

"இல்ல. துருத்தில காத்து இல்ல."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"பேயி மூணாவது தபா கூப்டாதில்ல?"

"அது உங்க கத. உங்க கதப்படி கூப்டாது."

"அப்ப அவன்தான்டா. கோபாலுதான்டா."

பஸ் ஏறுகிறவரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். வாத்தியப் பெட்டியை மடியில் வைத்து அதன்மேல் தாளம் போட்டான். பஸ் பாதி தூரம் வந்திருக்கும், தாளம் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராஜா. அப்ப அன்னிக்கும் அவன்தான்."

எனக்கு அழுகை வந்தது, அவனுக்கு வரவில்லை.

சேரப்பணஞ்சேரியில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் ஏரிப் பக்கம் நடந்தான். நானும் பின்னாலேயே போனேன். பொழுது சாய்ந்து, தண்ணீர் மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. மதகுக் கல்மேல் நின்றுகொண்டு கூப்பிட்டான்.

"கோபாலு."

தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அவன் காத்திருந்தான்.

"கோபாலூ."

தவளைகள் நின்றுவிட்டன. மொத்தமாக, ஒன்றுகூட இல்லாமல். மதகுப் பள்ளத்துக்கு மேலே தண்ணீர் லேசாக வட்டமிட்டது. அவன் மூன்றாவதுக்கு மூச்சை இழுத்தான். அந்த நொடியில் எனக்குத் தோன்றியது இதுதான்: உள்ளே இருக்கிறவனும் அதே வீட்டில், அதே அம்மாவிடம் வளர்ந்தவன். இரண்டுக்குப் பதில் சொல்ல மாட்டான். மூன்றாவதுக்குச் சொல்வான்.

நான் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினேன். கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு, ஈரக்கையால், பிடித்த பிடி விடாமல் அவனைக் கரையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவன் திமிறவில்லை. பின்னால் தண்ணீரில் என்ன நடந்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து கன்னியப்பன் முதல் தடவைக்கே திரும்பினான். டீக்கடைக்காரர் ஆச்சரியப்பட்டார். யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் "தோ வரேன்" என்று எழுந்துவிடுவான். அடுத்த தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டால்கூட இவன் பதில் சொல்வான். பிள்ளைகள் சிரிக்கும். அம்சவல்லி மட்டும் சிரிக்கவில்லை, நிம்மதியாக இருந்தாள். அதற்கப்புறம் எத்தனையோ கல்யாணம், எத்தனையோ சாவு. இரண்டு பேருக்கும் தலை நரைத்தது. எப்போதாவது ஊர்வலத்துக்கு நடுவில் என்னைப் பார்த்து, "ஒண்ணு பாக்கி கீது, ராஜா" என்பான். எனக்குப் புரியும். "வாய மூடிக்கினு ஊது" என்பேன்.

எண்பத்து நாலு மழைக்காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நான் தினமும் போய்ப் பார்த்தேன். பேச்சு நின்றுபோயிருந்தது. அன்றைக்கு நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்சவல்லி கஞ்சிச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உச்சிப் பொழுதுல, அண்ணா. கஞ்சி ஆத்திக்கினு இருந்தேன். நாலு நாளா பேசாத மனுசன், 'கோபாலு'ன்னு நல்லா சத்தமா ஒரு தபா கூப்டாரு. அப்புறம் வாசப் பக்கம் காத வெச்சிக்கினு கேட்டாரு. 'தோ வரேன்டா'ன்னாரு. அவ்ளோதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல, அண்ணா. யாரு கூப்டாங்கன்னு இவரு பதில் சொன்னாரு?"

அன்றைக்கும் நான் கருப்புச் சட்டைதான் போட்டிருந்தேன்.

"உன் கொழுந்தன்தாம்மா" என்றேன்.